கிறீச் சத்தத்தைத் தேடி: உப்புக்காற்றில் ஓடும் பழைய கியர் வண்டியைச் சரிசெய்யும் முறை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் வண்டி ஒவ்வொரு மிதிக்கும் ‘கிறீச்’ என்று கத்தத் தொடங்கினால் பார்க்கிறவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “பீபி போச்சு, மாத்திடு.” பீபி என்பது பாட்டம் பிராக்கெட், ஃபிரேமின் அடியில் கிராங்கின் அச்சைத் தாங்கும் பேரிங். மிதிக்கும்போது சத்தம் வருகிறது, மிதிக்கிற கிராங்க் பீபி அச்சில் மாட்டியிருக்கிறது, ஆகவே பழி பீபி மேல் விழுகிறது. புது பீபி போட்டு, கூலியும் கொடுத்து வண்டியை வெளியே எடுத்தால் தெருமுனை திரும்புவதற்குள் பழைய சத்தம் மறுபடி வரும். கத்திக்கொண்டிருந்தது சீட் பில்லராக இருந்திருக்கும். அல்லது பெடல் மரை. அல்லது பின்சக்கரத்தின் அச்சு ஃபிரேமில் உட்காரும் இடம். விரல் நுனி அளவு கிரீஸ் போதுமாயிருந்த இடத்தில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பகுதியில் சைக்கிள் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியுமுன் போகிறவர்கள், கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அது அன்றாட வாகனம். பழைய கறுப்பு வண்டிகளின் இடத்தை இப்போது பெரும்பாலும் தடித்த டயரும் முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க்கும் கொண்ட மவுன்டன் பைக்குகள் பிடித்துவிட்டன. ஹீரோ, அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், டெக்கத்லானின் ராக்ரைடர் என்று பல பெயர்களில் அவை கைமாறிக் கைமாறி வருகின்றன. மலைப்பாதைக்காகச் செய்த வண்டி, கன்டெய்னர் லாரிகள் குழி பறித்த தார்ச்சாலையில் ஓடுகிறது. குழியைத் தாங்குவதில் அது கெட்டி. உப்பைத் தாங்குவதில்தான் தடுமாறுகிறது.

சத்தத்தின் வேர் அந்த உப்பில்தான் இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு உலோகத்தின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னையின் விடியற்காலைகளில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். மழையே படாத வண்டிகூட ராத்திரி முழுக்க உப்புநீரில் நனைந்தபடி நிற்கிறது. அதோடு தூசு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது; ராயபுரத்து வீடுகளில் படிந்த கறுப்புத் தூளுக்கு ஒரு முடிவு வந்தது. ஆனால் அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு, இன்றைய காமராஜர் துறைமுகத்துக்கு, இடம் மாறியது. அனல் மின் நிலையங்களின் உலர்சாம்பல் வேறு. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். கைக்கு மென்மையாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு துகளும் கடினமானது. கிரீஸில் கலந்தால் கிரீஸே அரைக்கும் பசையாகிவிடும்.

இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு பாகங்கள் பாரம் ஏறும்போது மயிரிழை அளவு நகர்ந்தால் அங்கே சத்தம் பிறக்கும். ஒட்டிக்கொள்ளும், சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டும். நடுவில் கிரீஸ் படலம் இருந்தால் அந்த நகர்வு ஊமையாக நடந்து முடியும். படலம் காய்ந்து உப்பும் தூளும் மட்டும் மிஞ்சினால் கத்தும். இதில் நம்மை ஏமாற்றுவது ஃபிரேம். அதன் குழாய்கள் உள்ளே வெற்று. குடத்துக்குள் பேசிய குரல்போல, ஓரிடத்தில் பிறந்த சத்தம் ஃபிரேம் முழுக்கப் பரவி வேறெங்கோ கேட்கும். சீட்டுக்கடியில் பிறந்தது காலடியில் கேட்பது மிகச் சாதாரணம். இன்னொன்றும் உண்டு. நாம் மிதிக்கும் விசை ஒரே சீராக இருப்பதில்லை; ஒவ்வொரு கால் அழுத்தத்துக்கும் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப ஹேண்டில்பார், சீட்டு, பின்சக்கரம் எல்லாமே துளி வளைந்து நிமிர்கின்றன. எந்த மூட்டு கத்தினாலும் பெடலின் தாளத்தில்தான் கத்தும். பீபி மேல் பழி விழுவது இதனால்தான். ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எதைச் செய்தால் அது நிற்கிறது என்று தேடுங்கள். சுலபமான இடத்தில் தொடங்கிக் கடினமான இடத்தில் முடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மூட்டைத் தொட வேண்டும், தொட்டபின் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பிரித்துப் பூட்டினால் சத்தம் போயிருக்கலாம். எதனால் போனது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி ஐந்தையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

முதல் வேலை கழுவுவது. உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உப்புப் படிந்த மூட்டின் மேல் எண்ணெய் விட்டால் உப்பு அதற்கடியில் பத்திரமாக உட்கார்ந்து துருப்பிடிக்க வைக்கும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரத் தெருக்களில் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட விஷயம். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி, கொஞ்சம் சோப்புத்தூள், பழைய டூத்பிரஷ், பழைய பனியன் துணி இருந்தால் போதும். ஓஸ் வைத்துப் பீய்ச்ச வேண்டாம். ஹப்புக்குள்ளும் பீபிக்குள்ளும் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான பால்ரேஸுக்குள்ளும் தண்ணீர் போய்விடும். செயினையும் பல்சக்கரங்களையும் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். பிரேக் கட்டையிலும் டிஸ்க்கிலும் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் படக்கூடாது.

கழுவும்போதே ஃபிரேமைக் கண்ணால் தடவிப் பாருங்கள். ஹேண்டில் நுழையும் ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங், சீட் குழாயின் மேல்வாய், பீபி கூட்டைச் சுற்றி, பின்சக்கர அச்சு மாட்டும் இடம் ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் கீறல் விழும் இடங்கள். பெயின்டில் மெல்லிய கோடு தெரிந்து, அதன் ஓரத்தில் துருக்கறை கசிந்திருந்தாலோ, நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது தட்டினாலோ சந்தேகப்பட வேண்டும். அது கீறல்தான் என்றால் சத்தம் தேடும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. சீட் பில்லரை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்குங்கள். உள்ளேயிருந்து சேற்றுநீரோ வண்டலோ கொட்டினால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. 2023 வெள்ளத்தில் மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியின் உட்புறத்தில் கறுப்புப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு மூட்டு, இரண்டு மூட்டு என்று பார்த்துப் பயனில்லை. எல்லா பேரிங்கையும் பிரித்துக் கழுவும் முழு ஓவராயிலிங் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கழுவிக் காய்ந்தபின் ஓட்டிக் கேளுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே எதுவும் காதில் விழாது, ஆபத்தும்கூட. விடியற்காலை உள்தெருதான் சரி. ஓட்டுவதற்கு முன் சைடு ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, மணி, ரிஃப்ளெக்டர், பூட்டு ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள், லூசான போல்ட்டை முறுக்குங்கள். சைடு ஸ்டாண்டு பல வண்டிகளில் பீபி கூட்டுக்குப் பின்னாலேயே மாட்டியிருக்கும். அதன் போல்ட் தளர்ந்தால் வரும் சத்தம் பீபி சத்தம்போலவே இருக்கும். ஸ்டாண்டையும் கேரியரையும் கழற்றி வைத்துவிட்டே சோதிக்கலாம். பெரிய தொல்லை ஒன்றுமில்லை, ஏமாறாமல் தப்பிக்கலாம்.

இப்போது உட்கார்ந்தபடி மிதியுங்கள். பிறகு எழுந்து நின்று மிதியுங்கள். நின்றால் சத்தம் நிற்கிறதென்றால் சீட்டும் சீட் பில்லரும் மட்டும்தான் மிச்சம். நின்றபோது அதிகமானால் ஹேண்டில் பக்கம், கிராங்க், பெடல், பின்சக்கரம் ஆகியவற்றில் ஒன்று. மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது சக்கரத்தில் இருக்கிறது. வலக்காலை மட்டும் வைத்து மிதியுங்கள், பிறகு இடக்கால். வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘கடக்’ என்றால் ஹேண்டில் பால்ரேஸில் ஆட்டம் இருக்கிறது. பாரம் ஏறும்போது மட்டும் வரும் சத்தமாக இருந்தால் ஏற்றம் ஒன்று தேவைப்படும். நம் பக்கத்தில் மலை ஏது? போக்குவரத்து இல்லாத வேளையில் மின்ட் மேம்பாலம்போல ஏதாவது ஒரு பாலத்தின் ஏற்றம் போதும்.

தாளத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போது ஒருமுறை சத்தம் வந்தால் பெடல், கிராங்க், பீபி, அல்லது பாரத்தால் வளையும் வேறு மூட்டு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் ரிம், ஸ்போக்ஸ், பிரேக். பெடலின் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்று சற்றே விலகிய கணக்கில் ‘டிக்’ என்று வந்தால் செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. முன் பல்சக்கரத்தில் 42 பல், செயினில் 110 கண்ணி என்றால் அந்தக் கண்ணி 2.6 சுற்றுக்கு ஒருமுறைதான் பல்லுக்கு வரும். வண்டியைக் கவிழ்த்து பெடலைக் கையால் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் இறுகிய கண்ணி கியரின் சின்ன உருளைகளைத் தாண்டும்போது துள்ளுவது கண்ணுக்கே தெரியும். அந்தக் கண்ணியில் எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் வளைத்து விட்டால் இளகும்.

இனி ஸ்பேனரைத் தொடலாம். முதல் இடம் சீட் பில்லர். இந்தப் பகுதியின் பழைய கியர் வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஓட்டுபவரின் எடை முழுவதையும் தாங்கும் இந்தக் குழாய் ஃபிரேமுக்குள் வெறும் இறுக்கத்தால் நிற்கிறது. மேல்வாய் வழியே உப்புநீரும் தூளும் நேராக உள்ளே இறங்குகின்றன. உயரத்தைக் குறித்துக்கொண்டு (ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும்) கிளாம்பைத் தளர்த்திப் பில்லரை உருவுங்கள். பில்லரையும் குழாயின் உள்வாயையும் கிளாம்பின் உட்புறத்தையும் மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, பழைய உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். பில்லரில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. கார்பன் பில்லராக இருந்தால் கிரீஸ் ஆகாது. அதற்கென்று தனிப் பசை விற்கிறது.

பில்லர் வரவே மறுத்தால் பயப்பட வேண்டாம், பலமும் காட்ட வேண்டாம். இரும்பும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரியாகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத்தூளாகும். அந்தத் தூள் இடம் அடைத்துக்கொள்வதால் பில்லர் சிமென்ட் வைத்து அடைத்ததுபோலாகிவிடும். துருநீக்கும் எண்ணெயை வாயைச் சுற்றி விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சீட்டையே கைப்பிடியாக வைத்து இடம் வலமாகத் திருகியபடி மேலே இழுங்கள். வராவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. பைப் ரிஞ்சு போட்டு ஒரே மூச்சில் திருகினால் குழாயே கிழியும்.

பில்லர் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் சீட்டு. அடியிலிருக்கும் இரண்டு கம்பிகளும் பில்லரின் தலையைப் பிடிக்கும் இடத்தைப் பிரித்துத் துடைத்து, கம்பியில் கிரீஸ் தொட்டு, போல்ட்டின் மரையிலும் தொட்டு இறுக்குங்கள். சீட்டின் பிளாஸ்டிக் அடித்தட்டில் கம்பி செருகியிருக்கும் முனைகளில் ஒரு சொட்டு எண்ணெய். இதற்குமேல் சீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

அடுத்து பெடல். இதற்கு 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். வலப்பெடலுக்கு வழக்கமான மரை, இடப்பெடலுக்குத் தலைகீழ் மரை. விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தபோது, 1900-ஆம் ஆண்டு வாக்கில் தங்கள் வண்டிகளில் இந்த ஏற்பாட்டைச் செய்து, கழலாத பெடல் என்று விளம்பரப்படுத்தினார்கள். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுகொள்ளாமலிருக்க வந்த ஏற்பாடு அது. இடப்பெடலைத் தெரியாமல் வழக்கமான திசையில் முறுக்கிக் கிராங்கின் மரையையே தேய்த்துவிட்ட வண்டிகள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. திசையை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி அதன் மேல்முனையை வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும். கழற்றிய பெடல் மரையையும் கிராங்க் துளையையும் டூத்பிரஷால் தேய்த்துச் சுத்தப்படுத்தி, கிரீஸ் பூசி, முதலில் கையாலேயே முறுக்குங்கள். கையால் முறுக்கும்போது சிக்கினால் மரை கோணலாக ஏறுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி வையுங்கள். கடைசியில்தான் ஸ்பேனர். பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே கொரகொரவென்றால் மூடியைக் கழற்றி பால்ஸைக் கழுவிக் கிரீஸ் வைக்கலாம். பிளாஸ்டிக் பெடலாக இருந்தால் புது ஜோடியே மேல்.

முன்பக்கம். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மில், பாரைப் பிடிக்கும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, பாரையும் மூடியையும் துடைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தொட்டு, குறுக்குக் குறுக்காக, மூடிக்கு மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி பூட்டுங்கள். ஹேண்டில் பால்ரேஸில் ஆட்டம் தெரிந்தால் வரிசை மாறக்கூடாது: ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளை முதலில் தளர்த்த வேண்டும், பிறகு உச்சி மூடியின் போல்ட்டை ஆட்டம் போகிற அளவு மட்டும் இறுக்க வேண்டும், பிறகு ஹேண்டிலை முன்சக்கரத்துக்கு நேராக்கிப் பக்கப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் உச்சி மூடியை மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது, மூடிதான் உடையும். ஹேண்டில் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால் ரேஸில் குழி விழுந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

பின்சக்கரத்தை மறந்துவிடுவார்கள். மறக்கக்கூடாத இடம் அது. சக்கரத்தைக் கழற்றி, அச்சின் நட்டோ குயிக் ரிலீஸோ ஃபிரேமைக் கடிக்கும் இரண்டு முகங்களையும் துடைத்து, மெல்லக் கிரீஸ் தொட்டு, நன்றாக இறுக்குங்கள். பல வண்டிகளில் கியர் தொங்கும் சின்னத் தகடு ஃபிரேமிலிருந்து தனியாகக் கழலும். அதன் பின்முகத்தில் உப்பு சேர்ந்து கத்துவதைப் பீபி சத்தத்திலிருந்து பிரித்தே அறிய முடியாது. போல்ட்டைக் கழற்றித் தகட்டின் இருபுறமும் துடைத்து கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒன்று தொளதொளவென்றிருந்தால் சக்கரத்தை பெண்டு எடுக்கக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒரே இறுக்கமாயிருந்தும் ‘டிங்’ என்று சத்தம் வந்தால் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே தொடும் இடங்களில் துளி எண்ணெய் போதும். கையோடு ரிம்மைத் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடித்து ஓட்டிப் பார்த்தபின்னும் சத்தம் இருந்தால் மட்டுமே கிராங்கையும் பீபியையும் தொட வேண்டும். பெடலைப் பிடிக்காமல் கிராங்கின் கையையே பிடித்து, ஃபிரேமை நோக்கி உள்ளும் வெளியும் அசையுங்கள். ஒரு பக்கக் கிராங்க் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் பீபி. ஆட்டமே இல்லையென்றால் முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் பல்சக்கரத்தை ரிவெட் அடித்திருப்பார்கள், அந்த ரிவெட் தளர்ந்தால் கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும்.

சதுர அச்சில் மாட்டும் கிராங்க்தான் இந்த வண்டிகளில் அதிகம். நடு போல்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லரை அதன் மரையில் முழுக்க ஏற்றி, பிறகு முறுக்கினால் கிராங்க் வெளியே வரும். சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டாம். வந்ததும் சதுரத் துளையைப் பாருங்கள். மூலைகள் கூர்மையாக இருந்தால் துடைத்துப் பூட்டினாலே சத்தம் போய்விடும். மூலைகள் உருண்டு, துளை வட்டமாக விரிந்திருந்தால் அந்தக் கிராங்க் தளர்ந்த நிலையிலேயே வெகுநாள் ஓடியிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும், மாற்றுவது தவிர வழியில்லை. அச்சின் சதுரத்தில் கிரீஸ் வைக்கலாமா என்பதில் மெக்கானிக்குகளிடையே இரண்டு கட்சி உண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஓடும் வண்டிக்கு மெல்லிய ஒரு பூச்சு நல்லது என்பது என் கட்சி.

பீபி கூட்டின் மரை பெரும்பாலும் பிஎஸ்ஏ அளவு. இங்கிலாந்தின் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயரில் உலகம் முழுக்க வழங்கும் அளவு அது. சைக்கிள் பாகங்கள் விற்கும் ரத்தன் பஜாரில் பாகம் கேட்கும்போது இந்தப் பெயரையும், கூட்டின் அகலத்தையும் (68 அல்லது 73 மி.மீ.), அச்சின் நீளத்தையும் சொல்ல வேண்டும், பழைய பீபியையே கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. பிஎஸ்ஏ கூட்டில் செயின் பக்கத்துக் கப்புக்குத் தலைகீழ் மரை. பெடலுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: ஸ்பேனரின் மேல்முனையை வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு கப்பும் கழலும். சீல் செய்த பீபி என்றால் அதை வெளியே எடுத்து, கூட்டின் மரையை மண்ணெண்ணெயில் கழுவி, தாராளமாகக் கிரீஸ் பூசி, அதே பீபியைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அச்சை விரலால் சுற்றும்போது வழவழவென்று போனால் அது நல்ல பீபி. கத்தியது கூட்டின் மரைதான். கொரகொரவென்றால் மாற்றுங்கள். பால்ஸ் போட்ட பழைய வகையாக இருந்தால் கப்பைப் பிரித்துக் கழுவி, கப்பிலும் அச்சிலும் குழி விழவில்லை என்று பார்த்து, புது 1/4 அங்குல பால்ஸ், புது கிரீஸ் வைத்துப் பூட்டலாம். பால்ஸ் விலை மிகக் குறைவு. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். பீபி கூட்டின் அடியில் சிறு துளை இருந்தால் கம்பியால் குத்தி அடைப்பை எடுத்துவிடுங்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற அது ஒன்றே வழி.

பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த டபுள் சஸ்பென்ஷன் வண்டி என்றால் கூடுதலாக ஒரு வேலை. பின்பகுதி ஃபிரேமோடு கீல் போட்ட இடத்தின் போல்ட்டையும் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளின் புஷ்ஷையும் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைக்க வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் அங்கே பேரிங் இருக்காது, பிளாஸ்டிக் புஷ்தான். அது தேய்ந்தால் எந்தக் கிரீஸும் நிற்காது. வாங்குவதற்கு முன் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: சமதரையில் ஓட்ட டபுள் சஸ்பென்ஷன் வேண்டாம்.

எவ்வளவு இறுக்குவது? சீட் கிளாம்புக்கும் ஸ்டெம் போல்ட்டுக்கும் 5 நியூட்டன் மீட்டர் அளவு, பெடலுக்கும் கிராங்க் போல்ட்டுக்கும் 35 முதல் 40 வரை. டார்க் ரிஞ்சு எல்லோரிடமும் இருக்காது. 10 செ.மீ. நீள ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ எடை தொங்கவிட்ட இறுக்கம் முதலாவது, 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட இறுக்கம் இரண்டாவது. இதைக் கை ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். போல்ட்டுக்கு மேலே எழுதியிருக்கும் எண் வேறாக இருந்தால் அதுவே சரி.

சத்தம் போனபின் திரும்ப வராமலிருக்க, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். டபிள்யூ.டி.40 போன்ற ஸ்பிரே துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. செயின் எண்ணெய்க்கு அது மாற்று அல்ல, சீக்கிரம் காய்ந்துவிடும். சீட் பில்லரையும் பெடலையும் மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை கழற்றிக் கிரீஸ் வைத்தால் அவை ஃபிரேமோடு ஒட்டிப்போகாது.

கடைசியாகக் கீறல் விழுந்த ஃபிரேம். சைக்கிளுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 அலுமினியம் வெப்பப் பதம் ஏற்றி வலுவாக்கியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். திரும்பப் பதம் ஏற்றும் உலை தெருமுனை வெல்டிங் பட்டறையில் கிடையாது. பார்க்க ஒட்டியதாகத் தெரிந்தாலும் பக்கத்திலேயே மறுபடி விரியும். இரும்பு ஃபிரேமைத் தெரிந்த கை பற்ற வைக்கலாம், ஆனால் ஹெட் டியூப் பக்கம் என்றால் அதையும் நம்ப மாட்டேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக வருகிறவரின் ஹேண்டில் தனியாகக் கழன்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, கீறல் கண்ட ஃபிரேமுக்கு பெயின்ட் அடித்து இன்னொருவரிடம் விற்காதீர்கள். சக்கரம், பெடல், சீட்டு, கிராங்க் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு, ஃபிரேமை ஹாக்சா பிளேடால் இரண்டாக அறுத்துக் காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள்.